மூலைமட்டம்

லியெபாயாவில் டிராம் ஓட்டுகிறேன். ஊருக்கே ஒரு வழித்தடம்.
இரண்டு தண்டவாளமும் தம் இடைவெளியை
எந்த வளைவிலும் மறக்காது என்ற நம்பிக்கையில்
ஜனங்கள் ஏறி உட்காருகிறார்கள்.

பணி இல்லாத இரவுகளில் கராஜில் இருப்பேன்.
அலுமினியச் சட்டம், பழைய பிரின்டரில் கழற்றிய ஒயர்,
போலந்திலிருந்து தபாலில் வந்த இரண்டு மோட்டார்.
பாலத்தை இடப்பக்கம் ஒன்று இழுக்கும், வலப்பக்கம் ஒன்று.
மின்சாரம் போனால் இரண்டும் கையை விட்டுவிடும்;
பாலம் ஒருக்களித்துத் தூங்குகிறவரின் தோளைப்போல்
தன் பாட்டுக்குச் சாயும்.
எழுப்பி, பின்னால் உள்ள சுவிட்சுகளைத்
தொட்டுவரச் சொல்ல வேண்டும்.
முதலில் தொட்ட பக்கம் மற்றதற்காகக் காத்திருக்கும்.

வலது சுவிட்சுக்கு எதிரே ஒரு திருகு.
ஒரு சுற்றுக்கு முக்கால் மில்லிகூட நகராது.
மொத்த எந்திரத்தின் நேர்மையும்
அந்தத் திருகின் தலையில்.

நேர் பார்க்க மூலைமட்டம் வேண்டுமே.
அடுத்த கராஜ் வில்னிஸ் தந்தான்:
தட்டையான எஃகு, அறுநூறு மில்லி நீளக் கை.
"கப்பல் பட்டறைச் சரக்கு. ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை."
கைக்குழந்தையை மாற்றிக்கொள்வதுபோல்
வாங்கிக்கொண்டேன்.

பாலத்தோடு அதை ஒட்டிவைத்து
சிகரெட் தாள்கூட நுழையாதபடி திருகைச் சேர்த்தேன்.
பலகையில் நான்கு துளை போடச் சொன்னேன்,
எண்ணூறுக்கு எண்ணூறு.
பிறகு டேப், மூலைக்கு மூலை.
ஒரு விட்டம் ஆயிரத்து நூற்று முப்பது புள்ளி இரண்டு.
மற்றது முப்பத்திரண்டரை.

மறுபடி அளந்தேன்.
முப்பத்திரண்டரை.

பீட்ரூட் சூப் கொண்டுவந்த ஐனார்ஸ் சொன்னான்:
"டேப் பழசு. இழுபட்டிருக்கும்."
இழுபட்டிருக்கட்டும்.
பொய் சொல்கிற டேப்பும் இரண்டு மூலைக்கும்
ஒரே பொய்யைத்தான் சொல்லும்;
எனக்கு நீளமா வேண்டும்? வித்தியாசம் போதும்.
சூப் ஆறியது.
அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை மூடிவைத்தான்.

அப்படியென்றால்.

பிளைவுட்டின் நேர் விளிம்பில் மூலைமட்டத்தைச் சாய்த்து
ஒரு கோடு. அதையே புரட்டிப்போட்டு
அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு.
நல்ல மட்டமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும்.
இவை மெல்லப் பிரிந்தன.
முனையில் ஏறக்குறைய இரண்டரை மில்லி வாய் திறந்தது.
புரட்டிப் பார்த்தால் குற்றம் இரட்டிப்பாகத் தெரியும்:
கோணத்துக்கும் கோணலுக்கும்
நடுவே அவ்வளவுதான் இடம்.

திருகை இரண்டு சுற்று, பிறகு மூன்றில் ஒரு பங்கு.
புதிதாக நான்கு துளை. மூலைக்கு மூலை.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது;
மணி இரண்டே கால்.

வில்னிஸின் கேட் ஏன் கொக்கியில் விழாது,
அவன் சமையலறை அலமாரிக் கதவு
ஏன் கீழ்மூலையில் மட்டும் தேய்கிறது,
எல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.
இப்படித் தெரிவது நன்றாக இல்லை.

எஃகின் உள்மூலையில் பஞ்சை நிறுத்தி
சுத்தியால் ஒரே தட்டு.
உலோகம் அங்கே ஒரு மயிரிழை அகன்றது, கோணம் திறந்தது.
இன்னொரு தட்டு.
புரட்டினேன்; இரண்டு கோடும் ஒன்றாயின.
கடுகளவு குழி. அதன்மேல் கிரீஸ் தடவி,
துணியில் சுற்றி, நன்றி சொல்லித் திருப்பித் தந்தேன்.

மே மாதம். டிராமில் என் பின்னால் நின்றபடி வில்னிஸ்:
"புது அலமாரி அடித்தேன்.
பழசோடு எந்தப் பக்கமும் சேரவே மாட்டேன் என்கிறது.
என் கைதான் போய்விட்டதோ?"

கண்ணாடியில் அவன் முகம்.
முன்னால் வளைவு. வேகத்தைக் குறைத்தேன்.
"ஈர மரமாக இருக்கும்," என்றேன்.